கீமோ முடிந்த பிறகு மரத்துப்போகும் கைகால்களும் தனித்துவிடப்படும் மனங்களும்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

மாற்றுத்திறனாளிச் சான்று கேட்டு முகாம் ஒன்றுக்குச் சென்ற பெண் ஒருவரை, "கை, கால் அசைவு இயல்பு" என்று சீட்டில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதைக் கேட்ட பிறகு பேசாமல் இருக்க முடியாமல்தான் இந்த மடலை எழுதுகிறேன். அவர் சூலகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று மீண்டவர். நிலக்கோட்டைப் பக்கம் பூக்கட்டிப் பிழைத்தவர். மல்லிகைக் காம்புகளை இரண்டு விரல்களுக்கு நடுவே நிறுத்தி, நாரைச் சுற்றி முடிச்சிட்டு இழுக்கும் அந்த வேலைக்குப் பழகிய கைகள் பார்வையின் துணையைக்கூடத் தேடுவதில்லை. விரல்நுனி சொல்வதைக் கேட்டே அவை ஓடும். கீமோவுக்குப் பிறகு அவருடைய விரல்நுனிகள் எதையும் சொல்வதில்லை. காம்பு பிடிபட்டதா நழுவியதா என்று ஒவ்வொரு பூவையும் குனிந்து பார்க்க வேண்டியிருப்பதால், முன்பு ஒரு மணி நேரத்தில் கட்டிய சரத்தை இப்போது அரை நாளிலும் அவரால் கட்டி முடிக்க முடியவில்லை. முகாமில் விரல்களை மடக்கச் சொன்னார்கள், மடக்கினார். நடக்கச் சொன்னார்கள், நடந்தார். தொட்டால் தெரிகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் திண்டுக்கல் மாவட்டத்தில் வசிக்கும் பள்ளி ஆசிரியை. மார்பகப் புற்றுநோய்க்காகப் பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்தை ஏற்றிக்கொண்டவள். சிகிச்சை முடித்த எங்களில் சிலர் மாதந்தோறும் ஒரு வீட்டில் கூடிப் பேசுகிறோம். ஆளுக்கொரு புற்றுநோய், ஆளுக்கொரு மருத்துவமனை. ஆனாலும் பேச்சு எங்கே தொடங்கினாலும் கைகால் மதமதப்பிலும் எரிச்சலிலும், அவற்றைத் தொடர்ந்து வரும் மனச்சோர்விலும்தான் வந்து நிற்கிறது. இங்கே எழுதுவது அந்த வீட்டில் நான் கேட்டவற்றையும் என் உடம்பில் நான் அறிந்தவற்றையும்தான்.

எங்கள் உயிரைக் காத்த மருந்துகளைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இல்லாவிட்டால் எங்களில் பலருக்கு அந்த மருந்துகள் கிடைத்தே இருக்காது என்பதையும் நான் அறிவேன். ஆனால் அந்த மருந்துகள் நரம்புகளைச் சேதப்படுத்தும் என்பது எதிர்பாராமல் நிகழ்ந்துவிட்ட விபத்தல்ல. மருத்துவ உலகம் பல பத்தாண்டுகளாக அறிந்த விளைவு. பாக்லிடாக்சல், டோசிடாக்சல் போன்ற மருந்துகள் உயிரணு பிரிவதற்குத் தேவையான நுண்குழாய்களை இறுகச் செய்து புற்றைத் தடுக்கின்றன. அதே நுண்குழாய்களின் வழியாகத்தான் நரம்பிழைகளின் நுனிவரை ஊட்டமும் போய்ச் சேர்கிறது. சிஸ்பிளாட்டின், ஆக்சாலிபிளாட்டின் ஆகிய பிளாட்டின மருந்துகள் முதுகெலும்பை ஒட்டியுள்ள உணர்வு நரம்பு முடிச்சுகளில் தங்கி, அங்குள்ள நரம்பணுக்களையே தாக்குகின்றன. ரத்தப் புற்றுநோய்களுக்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டினும் போர்டிசோமிப்பும் இதே பட்டியலைச் சேர்ந்தவைதான். நீளமான நரம்புகள் முதலில் பாதிக்கப்படுவதால், கால்விரல் நுனியில் தொடங்கும் மதமதப்பு காலுறை அணிந்த இடமெங்கும் ஏறுகிறது. பிறகு கைவிரல்களுக்கு வருகிறது. பிளாட்டின மருந்துகளில் இன்னொரு கொடுமையும் உண்டு. கடைசி ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிய பிறகும் இரண்டு மூன்று மாதங்களுக்கு இந்தப் பாதிப்பு கூடிக்கொண்டே போகலாம். அதாவது மருத்துவமனை எங்களைப் பார்ப்பதைக் குறைத்துக்கொள்ளும் அதே காலத்தில்தான் எங்கள் நிலை மோசமாகிறது.

இது சிலருக்கு மட்டும் வரும் அபூர்வமான தொல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. 31 ஆய்வுகளில் இடம்பெற்ற 4,179 நோயாளிகளின் தரவுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான ஆய்வின்படி, கீமோ முடிந்த முதல் மாதத்தில் 68 விழுக்காட்டினருக்கும், மூன்றாம் மாதத்தில் 60 விழுக்காட்டினருக்கும், ஆறு மாதங்களும் அதற்கு மேலும் கடந்த பின்னும் 30 விழுக்காட்டினருக்கும் இந்த நரம்புப் பாதிப்பு இருந்தது. புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களிடம் அமெரிக்காவில் நடந்து 2017-இல் வெளியான மற்றோர் ஆய்வில், சிகிச்சை முடிந்து சராசரியாக ஆறு ஆண்டுகள் ஆன பிறகும் 47 விழுக்காட்டினர் அறிகுறிகளோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். மற்றவர்களைவிட அவர்கள் கீழே விழும் வாய்ப்பு 1.8 மடங்காக இருந்தது. நம் மாநிலத்தில் இதோடு நீரிழிவும் சேர்ந்துகொள்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், தமிழ்நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 14.4 விழுக்காடு என்று தெரியவந்தது. சர்க்கரையால் ஏற்கனவே நொந்திருக்கும் நரம்பின் மேல் கீமோவும் விழுந்தால் என்ன ஆகும் என்பதைத் துறைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

புள்ளிவிவரங்களில் தெரியாததை இனிச் சொல்கிறேன். செருப்பு காலிலிருந்து கழன்றுபோனது தெரியாமலே பேருந்து நிலையத்தைக் கடந்து, யாரோ கூப்பிட்டுச் சொன்ன பிறகு திரும்பி நடந்திருக்கிறேன். கோலமாவு விரலிடுக்கில் எவ்வளவு இறங்குகிறது என்பது தெரியாததால் வாசலில் கோலம் போடுவதை விட்டுவிட்டேன். எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒருவருக்கு மெட்டி அழுத்திப் புண்ணாகிச் சீழ் வைத்த பிறகுதான், அதுவும் பேத்தி பார்த்துச் சொன்னதால்தான், தெரிந்தது. நடத்துநர் கொடுத்த சில்லறையில் எது ஒரு ரூபாய், எது இரண்டு ரூபாய் என்று தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது. புடவை மடிப்பில் ஊக்கு குத்த முடியாது. பகலில் மரத்துக் கிடக்கும் அதே பாதம் இரவில் நெருப்பாய் எரிகிறது, போர்வை பட்டால்கூடத் தாங்குவதில்லை. மரத்துப்போன இடம் எப்படி வலிக்கும் என்று வீட்டார் கேட்கிறார்கள். சேதமான நரம்பு தொடுவதைச் சொல்ல மறந்தாலும் வலியைத் தானாகவே கிளப்பிக்கொண்டிருக்கும் என்பதை ஒரு மருத்துவரோ செவிலியரோ அவர்களுக்கு ஒரு முறை சொல்லியிருந்தால், நாங்கள் நடிக்கிறோம் என்ற ஐயம் பல வீடுகளில் எழுந்தே இருக்காது.

மனநலத்தை இதிலிருந்து பிரித்துப் பேச முடியாது என்பதுதான் இந்த மடலில் நான் வலியுறுத்த விரும்புவது. எரிச்சலில் தூக்கம் போகிறது, தூக்கம் போனவருக்கு மறுநாளை எதிர்கொள்ளத் தெம்பில்லை, விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போவது நிற்கிறது, வேலை போனதும் வீட்டில் தன் சொல்லுக்கு இருந்த மதிப்பும் போய்விட்டதாகத் தோன்றுகிறது. காலில் புதிதாக ஒரு குத்தல் வந்தால், நோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டதோ என்று விடியும்வரை விழித்திருக்கிறோம். இவை எல்லாவற்றுக்கும் மேலே, "உயிர் பிழைத்ததே பெரிது" என்று எல்லாரும் சொல்லும் ஆறுதல் இருக்கிறது. அன்பினால் சொல்கிறார்கள் என்பது தெரியும். ஆனால் அதைக் கேட்ட பிறகு, தன் துன்பத்தை வாய்விட்டுச் சொல்வதே நன்றிகெட்ட செயலாகிவிடுகிறது.

பெருங்குடல் புற்றுநோயிலிருந்து மீண்ட ஒருவர் எங்களிடம் வருகிறார். சிற்றுந்து ஓட்டியவர். ஆக்சாலிபிளாட்டினுக்குப் பிறகு, தன் கால் பிரேக் மேல் இருக்கிறதா பக்கத்தில் இருக்கிறதா என்று தெரியாததால், பயணிகளின் உயிருக்கு அஞ்சித் தாமாகவே வேலையை விட்டார். எல்லாரையும்போல ரிவ்யூவுக்குப் போனார். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் நன்றாக இருக்கின்றன என்று சொல்லி அனுப்பினார்கள். ஸ்கேன் நன்றாக இருப்பவர் எதைச் சொல்லி அழுவது? இப்படி இருப்பதற்கு அந்த நோயே கொண்டுபோயிருக்கலாம் என்று ஒரு கூட்டத்தில் அவர் சொன்னபோது, எங்களில் ஒருவர்கூட அதிர்ச்சி அடையவில்லை, பலர் தலையசைத்தோம். இதை நீங்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். அன்று இரவே அவர் வீட்டாரிடம் பேசி, 14416 என்ற, அரசின் டெலிமனஸ் மனநல உதவி எண்ணை அவர் கைப்பேசியில் பதிந்து கொடுத்தோம். அவர் பிறகு மனநல மருத்துவரைப் பார்த்தார், இப்போது தேறி வருகிறார். அந்த எண்ணை அவருக்குக் கொடுத்தது, அவருக்குக் கீமோ போட்ட மருத்துவமனை அல்ல. முறையான பயிற்சி எதுவும் இல்லாத நாங்கள்.

சிகிச்சையின்போதே கேட்டிருந்தால் தடுத்திருக்கக் கூடியவையும் உண்டு. வரவிருக்கும் நரம்புப் பாதிப்பைத் தடுக்கும் மாத்திரை என்று நிறுவப்பட்ட ஒன்று இதுவரை இல்லை. தொடக்கத்திலேயே கண்டறிந்து மருந்தின் அளவைக் குறைப்பதும், தள்ளிப்போடுவதும், மாற்றுவதும்தான் மருத்துவர் கையில் உள்ள வழிகள். நோயாளி சொன்னால்தான் அவர் அதைச் செய்ய முடியும். ஆனால் எங்களில் பெரும்பாலோர் சொல்லவில்லை. சொன்னால் கீமோவை நிறுத்திவிடுவார்கள், நோய் திரும்பிவிடும் என்று அஞ்சி மறைத்தோம். வாந்தி உண்டா, காய்ச்சல் உண்டா என்று கேட்டவர்கள், சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா என்று கேட்கவில்லை. மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோயில் ஆக்சாலிபிளாட்டின் சேர்ந்த சிகிச்சையை ஆறு மாதம் தர வேண்டுமா, மூன்று மாதம் போதுமா என்று 12,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு ஆராய்ந்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று மாதம் பெற்றவர்களிடம் நரம்புப் பாதிப்பு பெரிதும் குறைந்திருந்தது. நோய் திரும்பும் ஆபத்து குறைவாக உள்ள பலருக்குச் சில மருந்துச் சேர்க்கைகளில் அதுவே போதும் என்றும் தெரிந்தது. ஒரு மனிதரின் கால்விரல் உணர்வைக் காப்பதற்காக உலகம் இவ்வளவு பெரிய ஆய்வை நடத்தியிருக்கிறது என்றால், அந்த உணர்வைப் பற்றி ஒரு கேள்வி கேட்க நம் வெளிநோயாளிப் பிரிவில் ஒரு நிமிடம் ஒதுக்கக் கூடாதா?

பாதிப்பு வந்த பிறகு தரும் மருந்திலும் இதே அலட்சியம்தான். வலியோடு கூடிய நரம்புப் பாதிப்புக்கு, அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் பரிந்துரைப்பது துலோக்செடின் என்ற மருந்து ஒன்றைத்தான். அதுவும் ஓரளவு வலியைத்தான் குறைக்கும். மதமதப்பைப் போக்கும் என்று சொல்ல முடியாது. எங்களில் சிலருக்கு அதை எழுதிக் கொடுத்தார்கள். எதற்காக என்று சொல்லவில்லை. மருந்துக் கடையில் அது மனச்சோர்வு மாத்திரை என்று கேள்விப்பட்டவுடன், தன்னைப் பைத்தியம் என்று மருத்துவர் முடிவுகட்டிவிட்டதாக எண்ணி ஒரு பெண் அன்றே நிறுத்திவிட்டார். சில வாரங்களாக எடுத்துக்கொண்டிருந்த இன்னொருவர் திடீரென்று நிறுத்தித் தலைசுற்றலால் அவதிப்பட்டார். நரம்பு வலிக்கும் மனச்சோர்வுக்கும் இந்த மருந்து உதவும் என்றும், தானாக நிறுத்தக் கூடாது என்றும் ஒருவர் எடுத்துச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மற்றவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் சத்து மாத்திரை. பி12 குறைபாடு இருந்தால் அதை ஈடுகட்டத்தான் வேண்டும். ஆனால் பி6 அளவுக்கு மிஞ்சினால் அதுவே நரம்பைக் கெடுக்கும் என்பதையும் யாரோ ஒருவர் எங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. தசை, எலும்பு அல்லது நரம்பு மண்டலப் பாதிப்பால் தன்னையோ பொருள்களையோ அசைக்கும் செயல்களைச் செய்ய இயலாமை என்பதே அதில் இயக்கக் குறைபாட்டுக்குத் தரப்பட்டுள்ள பொருள். பூவைப் பிடிக்க முடியாத கை இதற்குள் வராதா? அதே சட்டத்தின் அட்டவணை, தொழுநோயிலிருந்து குணமானவர்களைக் குறிப்பிடும்போது கைகால்களின் உணர்விழப்பைப் பெயர் சொல்லியே ஏற்கிறது. அது மிகச் சரியானது. தொடு உணர்வு போன பாதத்துக்கு என்ன நேரும் என்பதைத் தொழுநோய் மருத்துவம்தான் இந்த நாட்டுக்குக் கற்றுக்கொடுத்தது. மென்மையான மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பைக் கொடுத்து அந்தப் பாதங்களைக் காத்ததும் அதே மருத்துவம்தான். கிருமியால் போன உணர்வு கணக்கில் வருகிறது, மருந்தால் போன உணர்வு கணக்கில் வராது என்பதற்கு என்னால் எந்த நியாயத்தையும் காண முடியவில்லை. நாள்பட்ட நரம்பியல் நோய்கள் என்ற பிரிவிலும் இரண்டு நோய்களை "போன்றவை" என்ற எடுத்துக்காட்டாகத்தான் சட்டம் சொல்கிறது. கதவை அது மூடவில்லை. மனநலத்துக்கும் சட்டம் இருக்கிறது. அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது.

புதிதாக ஒரு பெரிய திட்டத்தை நான் கேட்கவில்லை. தேவையான பலவற்றை இந்தத் துறையே வேறு நோயாளிகளுக்காக முன்பே தொடங்கியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். நீரிழிவு உள்ளவர்களுக்காகப் பாதம் பாதுகாப்போம் திட்டம் இருக்கிறது. அடையாறு புற்றுநோய் மையத்தில் புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனித்துறை இயங்குகிறது என்பதால், இது தமிழ்நாட்டில் நடக்கக் கூடியதா என்ற கேள்விக்கும் இடமில்லை. இவற்றை எங்கள் வாசல்வரை நீட்ட வேண்டும் என்பதே என் கோரிக்கை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவதாக, கீமோ தரும் ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும், காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் கீமோ தரும் ஒவ்வொரு தனியார் மருத்துவமனையிலும், ஒவ்வோர் ஊசிக்கும் முன் கைகால் உணர்வைப் பற்றித் தமிழில் கேள்வி கேட்டு, பதிலை நோயாளியின் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்புங்கள். பொத்தான் போட முடிகிறதா, செருப்பு கழன்றால் தெரிகிறதா, குளிர்ந்த நீரைத் தொட்டால் கூசுகிறதா, இரவில் எரிகிறதா, அண்மையில் விழுந்தீர்களா: செவிலியர் ஒருவரே கேட்டு எழுதிவிடலாம். அதனோடு தொடு உணர்வைச் சோதிக்க ஒரு 10 கிராம் நைலான் இழையும், அதிர்வு உணர்வைச் சோதிக்க ஒரு 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையும் போதும். நீரிழிவுப் பாதப் பரிசோதனைக்குப் பயன்படும் இந்தக் கருவிகளுக்குப் பெரிய செலவில்லை. முதல் ஊசிக்கு முன்பே, உணர்வு குறைந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றும், சொன்னால் சிகிச்சை கைவிடப்படாது, மருந்தின் அளவோ நாளோ மருந்தோ மாற்றப்படலாம் என்றும் நோயாளியிடமும் வீட்டாரிடமும் சொல்வதைக் கட்டாயமாக்குங்கள்.

சிகிச்சை முடிந்து கையில் கொடுக்கும் சுருக்க அறிக்கையில், எந்த மருந்து மொத்தம் எவ்வளவு ஏற்றப்பட்டது, நரம்புப் பாதிப்பு எந்த அளவில் உள்ளது, எந்த அறிகுறிக்கு யாரிடம் போக வேண்டும் என்பதைத் தமிழில் எழுதித் தர வேண்டும். அறிக்கையில் இல்லாத நோய்க்கு அடுத்த மருத்துவர் மருந்து தருவதில்லை என்பது எங்கள் எல்லாருடைய அனுபவம். பிளாட்டின மருந்து பெற்றவர்களை மூன்றாம் மாதம் கட்டாயமாக அழைத்துப் பரிசோதிக்க வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவத்தின் இயன்முறை சிகிச்சையிலும் பாதம் பாதுகாப்போம் திட்டத்தின் பரிசோதனையிலும், கீமோவால் நரம்பு பாதிக்கப்பட்டவர்களும் உண்டு என்று பெயர் சொல்லி ஆணையிடுங்கள். சமநிலைப் பயிற்சியும் கால் வலுவூட்டும் பயிற்சியும் வீட்டுக்கு வர வேண்டும். உணர்வு போன பாதத்துக்கு ஏற்ற செருப்பு கிடைக்க வேண்டும்.

மனநலத்தைப் பொறுத்தவரை, ரிவ்யூவுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் ரத்த அழுத்தம் பார்ப்பதைப்போல மன அழுத்தத்தையும் கேட்டுப் பதிய வேண்டும். பூஜ்யத்திலிருந்து பத்துவரை குறிக்கச் சொல்லும் எளிய அளவுகோல் உலகெங்கும் வழக்கத்தில் இருக்கிறது. நான்கும் அதற்கு மேலும் குறிப்பவரை அதே நாளில், அதே வளாகத்தில், மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆலோசகரிடம் அனுப்பிவைக்க வேண்டும். இன்னொரு நாள் வாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தால், பேருந்துக் காசுக்கும் துணைக்கும் வழியில்லாதவர் வரமாட்டார். ஆலோசகர்களுக்குப் புற்றுநோயாளிகளின் மனநலம் பற்றித் தனிப் பயிற்சி தேவை. நோய் திரும்புமோ என்ற அச்சத்தையும், உடலுறவு பற்றிய கூச்சத்தையும், வேலை இழந்த வேதனையையும் பொதுவான அறிவுரைகளால் ஆற்ற முடியாது.

கடைசியாக, மாற்றுத்திறனாளிச் சான்று. அளவிடும் விதிகள் ஒன்றிய அரசுடையவை என்பதை அறிவேன். அந்த விதிகளில் கீமோவால் வரும் நரம்புப் பாதிப்பை வெளிப்படையாகச் சேர்க்குமாறு தமிழ்நாடு அரசு ஒன்றிய அரசுக்கு எழுத வேண்டும். அதுவரை, உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்ட மருத்துவக் குழுக்கள் இத்தகைய விண்ணப்பதாரர்களை அசைவை மட்டும் பார்த்துத் திருப்பி அனுப்பாமல், நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பி, தொடு உணர்வையும் நரம்புக் கடத்தல் பரிசோதனையையும் கைவேலைத் திறனையும் பார்த்த பிறகே முடிவெழுத வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் நலத்துறையோடு இணைந்து அறிவுறுத்துங்கள். ஏற்கனவே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மறுபடியும் விண்ணப்பிக்கவும் வழி செய்யுங்கள்.

இவற்றில் எவை ஏற்கப்படுகின்றன, எவை மறுக்கப்படுகின்றன, மறுப்பதற்குக் காரணம் என்ன என்பதை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். சுற்றறிக்கையை வரையும் குழுவில், சிகிச்சை முடித்தவர்களில் இருவரையாவது, அவர்களில் ஒருவர் கைவேலையால் பிழைப்பவராக இருக்கும்படி, உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து,
மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த ஓர் ஆசிரியை